கோலாலம்பூருக்கு வேலைக்கு வருகிறீர்களா? வீட்டுச் செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூரில் வேலை கிடைத்தவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இங்கே இருப்பவர்களிடம் கேட்கும் கேள்விகள் இவை. இந்த ஊரில் குடும்பம் நடத்துகிறவர்கள் சொல்லக்கூடிய பதில்களாக எழுத முயன்றிருக்கிறேன். விலைகள் 2025ஆம் ஆண்டின் பிற்பகுதி நிலவரம். ஒரு ரிங்கிட்டுக்கு 21 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் போதாதா?

போதாது. 6,000 ரிங்கிட்டை 21ஆல் பெருக்கினால் 1,26,000 ரூபாய் வரும். சென்னையில் 70,000 வாங்குகிறவருக்கு அது பெரிய ஏற்றமாகத் தெரியும். ஆனால் அந்த 6,000 ரிங்கிட்டை நீங்கள் சென்னையில் செலவழிக்கப் போவதில்லை. வாடகை, பால், ரயில், பள்ளிக் கட்டணம் எல்லாம் ரிங்கிட்டில்தான் போகும். ரூபாயில் பெருக்க வேண்டியது மாதக் கடைசியில் மிஞ்சுகிற தொகையை மட்டும். ஊருக்குப் போய்ச் சேர்கிற பணம் அதுதான்.

அப்புறம், மாற்று விகிதமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2024 தொடக்கத்தில் டாலருக்கு எதிராக ரிங்கிட் 4.80 வரை இறங்கியது. 1998க்குப் பிறகு அவ்வளவு இறங்கியதே இல்லை. அப்போது ஒரு ரிங்கிட்டுக்குப் பதினேழரை ரூபாய்தான் கிடைத்தது. 2025 முடியும்போது 21ஐத் தாண்டிவிட்டது. ஊரில் மாதம் 30,000 ரூபாய் வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவருக்கு, முதல் விகிதத்தில் சுமார் 1,715 ரிங்கிட் வேண்டும். இரண்டாவதில் 1,430 போதும். ஏறக்குறைய 285 ரிங்கிட் வித்தியாசம். ஊரில் கடன் உள்ளவர்கள் ஒரு ரிங்கிட்டுக்கு 18 ரூபாய் என்று வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படியும் தாங்கினால் கிளம்பலாம்.

விலைவாசியை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளங்களை நம்பலாமா?

திசை தெரிந்துகொள்ள உதவும், அதற்கு மேல் வேண்டாம். அவற்றில் பல, பயனர்கள் பதிந்த விலைகளின் சராசரி. நகர மையத்தில் ஒரு படுக்கையறை வீடு, நடுத்தர உணவகத்தில் இருவருக்குச் சாப்பாடு, உடற்பயிற்சிக்கூடக் கட்டணம், இறக்குமதிப் பாலாடைக்கட்டி என்று போகும் பட்டியல் அது. நம் வீட்டில் மாதம் எத்தனை கிலோ இட்லி அரிசி, எத்தனை தேங்காய், எத்தனை லிட்டர் பால் என்பதற்கு அங்கே இடமில்லை.

அதைவிட நேரடியான வழிகள் இருக்கின்றன. மலேசிய உள்நாட்டு வாணிப அமைச்சின் ‘பிரைஸ்கேட்சர்’ செயலியில் கடைவாரியாக அத்தியாவசியப் பொருள்களின் விலையைப் பார்க்கலாம். லோட்டஸ், மைடின் போன்ற பேரங்காடிகளின் இணையக் கடைகளிலும் விலை கிடைக்கும். வாடகைக்கு ஐபிராப்பர்ட்டி, பிராப்பர்ட்டிகுரு, முடா ஆகிய தளங்களைப் பாருங்கள். உணவு விநியோகச் செயலியில் தெரியும் விலையைக் கடைவிலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; கடைக்கு நேரில் போனால் பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

சரி, கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் வீட்டிலிருந்து. கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கையும் கூகுள் பே, போன்பே செலவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, உண்மையில் எதற்கு எவ்வளவு போனது என்று எழுதுங்கள். அதன் பக்கத்தில் அதே பொருளுக்கு, அதே அளவுக்குக் கோலாலம்பூர் விலை. மூன்றாவதாக ஒரு வரிசை வேண்டும். ஊரில் காசு கொடுக்காமல் கிடைப்பவற்றை அதில் எழுதுங்கள். பலரும் விட்டுவிடுகிற வரிசை இதுதான். கணக்கைக் கவிழ்ப்பதும் இதுதான்.

சொந்த வீட்டில் இருக்கிறீர்களா? அங்கே வாடகை பூஜ்யம், இங்கே முழு வாடகை. அம்மாவோ மாமியாரோ குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்களா? இங்கே குழந்தைக் காப்பகத்துக்கு மாதம் 600 முதல் 1,000 ரிங்கிட் வரை ஆகும். ரேஷன் அரிசி, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம், நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், கிராமத்திலிருந்து மூட்டையாக வரும் நெல்லும் பருப்பும் தேங்காயும் எல்லாம் ஒரு வகையில் வருமானம்தான். சம்பளச் சீட்டில் வராததால் கண்ணுக்குத் தெரிவதில்லை. விமானம் ஏறிய அன்றே அவை நின்றுபோகும்.

இங்கே இருக்கும் உறவினர் சொல்கிற விலையே எனக்கும் பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். அந்த உறவினர் மலேசியக் குடிமகனா என்று முதலில் பாருங்கள். இந்த நாட்டில் பல விலைகளுக்கு இரண்டு முகம் உண்டு. குடிமக்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு வேறு. வேலை அனுமதியில் வருகிற நாம் இரண்டாவது பக்கத்தில் இருக்கிறோம்.

பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் இறுதியில் ‘பூடி 95’ என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அடையாள அட்டை காட்டும் குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட். வெளிநாட்டவர் வாரந்தோறும் அறிவிக்கப்படும் சந்தை விலையைக் கொடுக்க வேண்டும். ரயிலிலும் அப்படியே. 50 ரிங்கிட் கட்டினால் 30 நாளைக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் கேஎல் பேருந்து எல்லாவற்றிலும் அளவின்றிப் போகலாம் என்று உங்கள் மாமா பெருமையாகச் சொல்வார். அந்த ‘மை50’ அட்டை குடிமக்களுக்கு மட்டும். நமக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகக் கட்டணம் கழியும்.

அரசு மருத்துவமனையில் வெளிநோயாளியாகப் போகும் குடிமகன் 1 ரிங்கிட் கொடுத்து மருத்துவரைப் பார்க்கிறார். வெளிநாட்டவருக்குக் கட்டண அட்டவணையே வேறு. படுக்கையில் சேர்த்தால் வைப்புத்தொகையும் கேட்பார்கள். தனியார் மருத்துவமனைக்குப் போனாலும் 2025 ஜூலை 1 முதல் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு 6 விழுக்காடு சேவை வரி உண்டு.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒரு நாடு தன் வரிப்பணத்தில் தன் மக்களுக்குக் கொடுக்கும் சலுகை அது. ஆனால் உறவினர் சொன்ன மாதச் செலவை அப்படியே எடுத்து வைத்துத் திட்டம் போட்டால், முதல் மாதமே இடிக்கும். உங்களைப் போல வேலை அனுமதியில், உங்கள் அளவு குடும்பத்தோடு வந்தவரிடம் கேளுங்கள். அந்தப் பதில்தான் உங்களுக்குப் பயன்படும்.

வாடகை எவ்வளவு ஆகும்? முன்பணம் சென்னை மாதிரி பத்து மாதமா?

இங்கே வழக்கம் வேறு. இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்கூட்டியே. ஆக மூன்றரை மாத வாடகை கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி தனி.

செந்தூல், செத்தாபாக், வங்சா மாஜு, செராஸ் பக்கம் மூன்று அறை கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, மாதம் 1,500 முதல் 2,300 ரிங்கிட்டுக்குள் பார்க்கலாம். பங்சார், மோன்ட் கியாரா, இரட்டைக் கோபுரத்தைச் சுற்றிய பகுதி என்றால் அதே அளவு வீட்டுக்கு 3,500க்கு மேலே போகும். தனி ஆளாக வருகிறவர்கள் ஓர் அறை மட்டும் எடுத்தால் 600 முதல் 1,000க்குள் முடியும். பிரிக்பீல்ட்ஸ் எல்லாருக்கும் ஆசையான இடம். கோயில், மளிகை, சாப்பாடு, கேஎல் சென்ட்ரல் நிலையம் எல்லாம் நடை தூரம். அந்த வசதிக்கான விலை வாடகையில் சேர்ந்திருக்கும்.

வாடகையைச் சதுர அடியில் ஒப்பிடாமல், வீட்டோடு என்னென்ன வருகிறது என்று பாருங்கள். இங்கே ஏசி, கட்டில், குளிர்ப்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், திரைச்சீலை வரை உள்ள வீடுகள் நிறையக் கிடைக்கும். 200 ரிங்கிட் குறைவு என்று வெறும் வீட்டை எடுத்துவிட்டு, இரண்டு வருட ஒப்பந்தத்துக்காக எல்லாவற்றையும் புதிதாக வாங்குவது பெரும்பாலும் நட்டம்தான். கொண்டோ பராமரிப்புக் கட்டணம் வழக்கமாக வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனாலும் ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கார் நிறுத்துமிடம் எத்தனை என்பதையும் கேளுங்கள்.

ரயில் நிலையத்துக்கு நடந்தே போக முடிகிற வீட்டுக்கு மாதம் 300 ரிங்கிட் கூடுதலாகக் கொடுப்பது லாபம் என்பது என் உறுதியான எண்ணம். காரணம் போக்குவரத்துக் கேள்வியில் வருகிறது.

மின்சாரம், தண்ணீர், கேஸ்?

தண்ணீர் மலிவு. குழாயில் நாள் முழுக்க வரும். லாரித் தண்ணீருக்கும் கேன் தண்ணீருக்கும் செலவழித்த பணம் மிச்சம்.

சமையல் எரிவாயு கட்டுப்பாட்டு விலைப் பொருள். 14 கிலோ உருளை 26.60 ரிங்கிட், அதாவது 560 ரூபாய் அளவு. 2025 ஏப்ரலில் சென்னையில் உருளை 868.50 ரூபாய்.

மின்சாரத்தில்தான் கவனம் வேண்டும். இங்கே மார்கழி கிடையாது. ஏசி வருடம் முழுக்க ஓடும். ஒரு படுக்கையறை ஏசியை இரவு எட்டு மணி நேரம் ஓட்டினாலே மாதம் 150 முதல் 200 யூனிட் வரை போகலாம். மாதம் 600 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரி சேரும். கட்டணச் சீட்டு மாதா மாதம் வரும், ஊரைப் போல இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அல்ல; ஒப்பிடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

சாப்பாட்டுச் செலவு எப்படி இருக்கும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரில் எது மலிவோ அது இங்கே விலை கூடியும், ஊரில் எது ஆடம்பரமோ அது இங்கே சாதாரணமாகவும் இருக்கும்.

வெளியே சாப்பிடுவது நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ‘மாமாக்’ எனப்படும் இந்திய முஸ்லிம் கடையில் ஒரு ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி) 1.50 முதல் 2.50 ரிங்கிட், தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) 2 முதல் 3 ரிங்கிட். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் 3 ரிங்கிட்டுக்குக்கூடக் கிடைக்கும். வாழையிலைச் சாப்பாடு 10 முதல் 15 ரிங்கிட். கறி, மீன், இறால் சேர்த்தால் 25ஐத் தொடும். தனியாக இருக்கிறவர் இரண்டு வேளை வெளியே சாப்பிட்டு மாதம் 1,000 ரிங்கிட்டுக்குள் சமாளிக்கலாம். ஒருவருக்காகப் பொருள் வாங்கிச் சமைத்தாலும் ஏறத்தாழ அவ்வளவுதான் ஆகும், அதனால் இங்கே தனி ஆட்கள் பலர் அடுப்பையே பற்ற வைப்பதில்லை.

குடும்பமாக வந்தால் கணக்கு மாறும். முதல் அடி பாலில் விழும். ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய், லிட்டர் 40 ரூபாய். இங்கே குளிரூட்டிய பால் லிட்டர் 7 முதல் 9 ரிங்கிட், அதாவது 147 முதல் 189 ரூபாய். காலையும் மாலையும் காபி, குழந்தைக்குப் பால், உறை ஊற்றத் தனியாக என்று தினம் ஒன்றரை லிட்டர் வாங்கும் வீட்டில் பாலுக்கு மட்டும் மாதம் 350 ரிங்கிட் ஆகும். ஊரில் அதே பால் 1,800 ரூபாய். இங்கே 7,000 ரூபாயைத் தாண்டுகிறது. பலர் கொஞ்ச நாளில் பால் மாவுக்கும், தே தாரிக்கில் ஊற்றும் டப்பாப் பாலுக்கும் மாறிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

அரிசியில் இரண்டு வழி. உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 ரிங்கிட் என்று அரசு விலை நிர்ணயித்திருக்கிறது. பொன்னி, சோனா மசூரி, இட்லி அரிசி எல்லாம் இந்தியாவிலிருந்து வருபவை. பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா, கிள்ளான் லிட்டில் இந்தியா கடைகளில் கிடைக்கும், விலை கூடும். சர்க்கரையும் கட்டுப்பாட்டில்தான், கிலோ 2.85 ரிங்கிட். சின்ன வெங்காயம், முருங்கைக்காய், நாட்டுக் கத்திரிக்காய் ஆகியவற்றை ஊர் விலையோடு ஒப்பிட்டால் மனசு ஒப்பாது. கோழி, முட்டை, கங்கோங் கீரை, சோயாக் கட்டி, வாழைப்பழம், பப்பாளி இவை நியாயமான விலையில் கிடைக்கும். கறிவேப்பிலை பக்கத்து வீட்டு வாசலிலேயே வளர்ந்து நிற்கும்.

ஊர்ச் சமையலை அப்படியே இங்கே நடத்தினால் மளிகைச் செலவு எகிறும். உள்ளூர்க் காய், உள்ளூர் மீன், வாரச் சந்தை என்று பழகினால் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். வாரம் ஒருநாள் உங்கள் வட்டாரத்தில் போடும் பசார் மாலாமுக்கு, அதாவது இரவுச் சந்தைக்குப் போங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் காய்க்காரர் தட்டு தட்டாக மலிவு விலையில் கொடுப்பார். கடையில் ‘பத்து வெள்ளி’ என்றால் பத்து ரிங்கிட்.

கணக்கு எழுதும்போது இரண்டு தொகை எழுதுங்கள். ஊரில் சாப்பிடுவதைப் போலவே சாப்பிட்டால் எவ்வளவு, பழகிக்கொண்டால் எவ்வளவு என்று. முதல் ஆறு மாதம் பெரிய தொகைதான் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிறு பழக நேரம் பிடிக்கும். பிள்ளைகளுக்கு இன்னும் கூட.

கார் இல்லாமல் இருக்க முடியுமா?

வீட்டை எங்கே எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், கேடிஎம் கொமூட்டர் நிலையம் எதற்காவது நடந்து போக முடிந்தால் கார் வேண்டாம். ‘டச் அண்ட் கோ’ அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டால் போதும். மழை நாளுக்கும் மளிகை நாளுக்கும் செயலியில் அழைக்கும் கிராப் வாடகைக் கார் இருக்கிறது.

நிலையத்திலிருந்து தள்ளி ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், மலிவாக வீடு கிடைத்தால், மாதத் தவணை, காப்புறுதி, சாலை வரி, சுங்கக் கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம், மானியம் இல்லாத பெட்ரோல் எல்லாம் சேர்ந்து வாடகையில் மிச்சமான 300ஐப் போல இரண்டு மூன்று மடங்கை விழுங்கிவிடும். வாடகையையும் போக்குவரத்தையும் ஒரே வரியில் கூட்டி எழுதி வீடுகளை ஒப்பிடுங்கள். தனித்தனியாக எழுதினால் ஏமாந்துபோவீர்கள்.

விமான நிலையத்துக்குக் கேஎல் சென்ட்ரலிலிருந்து விரைவு ரயில் ஒருவழிக்கு 55 ரிங்கிட். நான்கு பேர் பெட்டியோடு போவதானால் கிராப்பே மலிவு.

பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கலாமா?

ஆசை எனக்குப் புரிகிறது. தமிழ் வழியில் அரசுப் பள்ளி நடக்கும் நாடு இது. ஆனால் அரசுப் பள்ளிகளில் இடம் முதலில் குடிமக்களின் பிள்ளைகளுக்கு. வெளிநாட்டவர் பிள்ளைக்குக் கல்வித் துறையின் ஒப்புதல் வாங்க வேண்டும், கட்டணமும் உண்டு. அதனால் பெரும்பாலோர் தனியார் அல்லது அனைத்துலகப் பள்ளிக்குப் போகிறார்கள். அவற்றில் மலிவானவையே ஒரு பிள்ளைக்கு வருடம் 15,000 ரிங்கிட்டை ஒட்டி வரும். பெயர் பெற்றவை பல மடங்கு. வருடக் கட்டணம் 60,000 ரிங்கிட்டைத் தாண்டினால் 2025 ஜூலை முதல் 6 விழுக்காடு சேவை வரியும் சேரும். சேர்க்கைக் கட்டணம், சீருடை, பள்ளி வண்டி தனி.

இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இருந்து, கட்டணத்தை நிறுவனம் ஏற்கவில்லை என்றால், மற்ற எல்லா வரியையும் பார்ப்பதற்கு முன் இந்த ஒன்றைப் பாருங்கள். வருவதா வேண்டாமா என்பதை இதுவே முடிவு செய்துவிடும்.

மருத்துவத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

காய்ச்சல், சளிக்குத் தனியார் கிளினிக்கில் மருந்தோடு 50 முதல் 100 ரிங்கிட் ஆகும். பல நிறுவனங்கள் இதற்கென்று அட்டை கொடுக்கின்றன. அதில் குடும்பத்தினரும் அடக்கமா, வருடத்துக்கு எவ்வளவு வரம்பு, பிரசவம், பல், கண் சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குத் தினம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரையின் மூலப்பெயரை, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை, எழுதி வைத்து இங்குள்ள விலையை விசாரியுங்கள். மாத்திரைகள் இந்தியாவில் மிக மலிவு. இங்கே வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வீட்டு வேலைக்கு ஆள் வைக்க முடியுமா?

ஊரைப் போல முடியாது. மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். மனித உழைப்புக்கு அந்த மதிப்பு இருப்பதால், பகுதி நேரமாக வீடு சுத்தம் செய்ய வருகிறவருக்கு மணிக்கு 20 முதல் 30 ரிங்கிட் வரை கொடுக்க வேண்டும். குறைந்தது மூன்று, நான்கு மணி நேரமாவது எடுக்கச் சொல்வார்கள். பாத்திரம் தேய்க்க, துணி இஸ்திரி போட, குழாய் சரிபார்க்க, தையல் போட என்று ஊரில் சில்லறையாகக் கொடுத்து முடிக்கிற வேலைகள் எல்லாம் இங்கே நம் கையில் வந்து நிற்கும். பணமாக எழுத முடியாவிட்டாலும் வீட்டில் இருப்பவரின் நேரமாக எழுதுங்கள். அந்தச் சுமை பெரும்பாலும் மனைவி தலையில் விழுகிறது. கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டிய விஷயம்.

வரி எவ்வளவு பிடிப்பார்கள்?

இங்கே வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஓர் ஆண்டில் 182 நாளாவது இருந்தால் வரிக் கணக்கில் நீங்கள் குடியிருப்பவர். 6,000 ரிங்கிட் சம்பளத்துக்கு ஆண்டு வருமானம் 72,000. தனிநபர் கழிவு 9,000 போக 63,000க்குப் படிப்படியான விகிதத்தில் வரி 2,930 ரிங்கிட், மாதம் 244 அளவுதான். மனைவி, பிள்ளைகளுக்கான கழிவுகள் இருந்தால் இன்னும் குறையும்.

182 நாள் ஆகாவிட்டால் விகிதம் ஒரே தட்டாக 30 விழுக்காடு, கழிவு எதுவும் கிடையாது. அதே 6,000க்கு மாதம் 1,800 போய்விடும். ஆண்டின் பிற்பகுதியில் வந்தாலும், அடுத்த ஆண்டும் தொடர்ந்து தங்கினால் முதல் ஆண்டையும் சேர்த்துக் குடியிருப்பவராகக் கருத விதி உண்டு. ஆனால் சில நிறுவனங்கள் முன்னெச்சரிக்கையாக முதல் சில மாதங்களுக்கு 30 விழுக்காட்டைப் பிடித்துவிடும். கூடுதலாகப் பிடித்தது பிறகு வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் திரும்பும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வந்தால் முதல் அரை ஆண்டு கடனில் ஓடும்.

2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் ஊழியர் சேமநிதி கட்டாயம்: உங்கள் பங்கு 2 விழுக்காடு, முதலாளி பங்கு 2 விழுக்காடு. அது சேமிப்பு, செலவல்ல. ஆனாலும் கைக்கு வருவது அந்த அளவு குறையும்.

மனைவியும் வேலைக்குப் போனால் சமாளித்துவிடலாம் அல்லவா?

அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சார்ந்தோர் அனுமதியில், அதாவது வேலைக்கு வருபவரின் குடும்பத்தினருக்கான அனுமதியில், வருகிறவர் தனி அனுமதி இல்லாமல் வேலை செய்ய முடியாது. ஊரில் அவருக்கு வருமானம் இருந்தால், அந்த இழப்பையும் செலவுப் பட்டியலிலேயே எழுதுங்கள்.

ஊருக்குப் போய்வருவதற்கு?

சென்னை நான்கு மணி நேரம். திருச்சிக்கும் நேரடி விமானம் உண்டு. முன்கூட்டியே எடுத்தால் மலிவு. பொங்கல், தீபாவளி, பள்ளி விடுமுறை என்றால் விலை இரட்டிப்புக்கும் மேல் போகும். நாம் போக நினைப்பதும் அப்போதுதான். மாதா மாதம் ஒரு தொகையை இதற்கென்று ஒதுக்குங்கள். கல்யாணம், காது குத்து, அவசரம் எல்லாம் தேதி பார்த்துச் சொல்லிவிட்டு வருவதில்லை. பணம் அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காமல் கொடுக்கும் விகிதத்தையும் பாருங்கள். ‘கட்டணம் இல்லை’ என்கிற இடம் விகிதத்தில் எடுத்துக்கொள்ளும்.

கூட்டிக் கழித்தால் எவ்வளவு மிஞ்சும்?

ஒரு மாதிரிக் கணக்கு. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகாத ஒரு குழந்தை, செத்தாபாக்கில் வீடு. வாடகை 1,900. மின்சாரம், தண்ணீர், இணையம், கைபேசி 450. மளிகை 1,300, வெளியே சாப்பாடு 500. ரயிலும் கிராப்பும் 450. மருந்து, துணி, கோயில், பண்டிகை 400. ஊர்ப் பயணத்துக்கு ஒதுக்கு 300. மொத்தம் 5,300 ரிங்கிட்.

6,000 சம்பளத்தில் வரியும் சேமநிதியும் போகக் கைக்கு வருவது சுமார் 5,636. மிஞ்சுவது 336 ரிங்கிட், ஊர்க் காசுக்கு 7,000 ரூபாய். காகிதத்தில் 1,26,000ஆகத் தெரிந்த சம்பளம் இதுதான். 30 விழுக்காடு பிடிக்கிற மாதங்களில் பற்றாக்குறையே வரும். அதே குடும்பத்துக்கு 8,000 என்றால் கைக்கு 7,260 அளவு வரும். மிஞ்சுவது ஏறத்தாழ 1,960 ரிங்கிட், 41,000 ரூபாய். சம்பளம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் மிச்சம் ஆறு மடங்காகிறது.

தனி ஆளுக்கு அறை 800, சாப்பாடு 1,000, மற்ற எல்லாம் 800 என்று 2,600இல் முடியும். 5,000 சம்பளம் வாங்கினாலே 2,150 ரிங்கிட் அளவு மிஞ்சும். அதனால் 6,000க்குள் சம்பளம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது: முதலில் தனியாக வாருங்கள், வரி நிலை சீராகட்டும், சம்பளம் ஒருமுறை உயரட்டும், பிறகு குடும்பத்தைக் கூட்டிவாருங்கள். பிரிவு கஷ்டம்தான். கடனோடு ஒன்றாக இருப்பது அதைவிடக் கஷ்டம்.

பினாங்கில் வேலை கிடைத்தால் செலவு குறையுமா?

வாடகையில் குறையும், பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலப் பக்கம் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாமில் வீடு எடுத்தால் நன்றாகவே குறையும். சாப்பாடும் மலிவு, ருசிக்கும் குறைவில்லை. ஆனால் கோலாலம்பூரைப் போன்ற ரயில் வலை தீவில் இல்லை. 2025இல்தான் எல்ஆர்டி கட்டத் தொடங்கினார்கள். பேருந்தை நம்ப வேண்டும், இல்லையென்றால் சொந்த வண்டி. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை, வீடு பெருநிலத்தில் என்றால் தினம் பாலம் கடக்க வேண்டும். சுங்கக் கட்டணம் தீவுக்குள் போகும் திசையில் மட்டும். முதல் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கம் இல்லை என்பதால் பலர் அதில்தான் போகிறார்கள். சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் இண்டிகோ நேரடி விமானம் தொடங்கியது.

கிளம்பும்போது கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

1,900 வாடகை வீட்டுக்கு மூன்றரை மாதம் என்றால் 6,650 ரிங்கிட். முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு, போக்குவரத்து, பாத்திரம் பண்டம், வீடு கிடைக்கும்வரை தங்குமிடம் என்று இன்னும் 4,000. ஆக 10,000 ரிங்கிட்டுக்கு மேல். இரண்டே கால் லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டிக்கு வாங்கி வராதீர்கள். நிறுவனத்திடம் வாடகை முன்பணத்தைக் கடனாகக் கேட்டு, சம்பளத்தில் சிறுகச் சிறுகக் கழிக்கச் சொல்லலாம். கேட்டால் பலர் கொடுக்கிறார்கள்.

கையெழுத்துப் போடும் முன் நிறுவனத்திடம் என்ன கேட்பது?

முதல் மாதங்களில் எந்த விகிதத்தில் வரி பிடிப்பீர்கள்? வேலை அனுமதி எந்த வகை, அதில் குடும்பத்தை அழைத்துவர முடியுமா, அனுமதிக் கட்டணம் யார் பொறுப்பு? மருத்துவ அட்டையில் குடும்பம் உண்டா? பள்ளிக் கட்டணத்தில் பங்கு தருவீர்களா? வருடம் ஒருமுறை விமானச் சீட்டு எத்தனை பேருக்கு? ஒப்பந்தம் நடுவில் முடிந்தால் திரும்பும் செலவு யாருடையது, வீட்டு ஒப்பந்தம் பாக்கி இருந்தால் என்ன செய்வது?

கடைசிக் கேள்விக்காக வாடகை ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: வேலை மாற்றத்தாலோ அனுமதி ரத்தானாலோ இரண்டு மாத முன்னறிவிப்போடு வைப்புத்தொகையை இழக்காமல் வீட்டைக் காலி செய்யலாம் என்று. வெளிநாட்டவருக்கு வீடு விட்டுப் பழகிய உரிமையாளர்கள் பலர் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். தொலைபேசியில் சொல்லும் பதிலை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, சரிதானா என்று கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.